நேராக உருளாதவை

பிப்ரவரி 2, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் சித்தியோடு குளத்துக்குப் போனேன். வலைப்பைகளைத் தூக்கிப் பாசியைத் தேய்த்துக் கழுவுவது ஞாயிற்றுக்கிழமை வேலை. ஒவ்வொரு பையிலும் இரண்டு சிப்பிகள். போன வருடம் சித்தி ஒவ்வொரு சிப்பியின் வாயையும் கொஞ்சம்போலத் திறந்து, உள்ளே ஓர் உருண்டை மணியை வைத்துத் தண்ணீரில் விட்டாள். மணியின் மேல் சிப்பி தன் பளபளப்பைச் சுற்றிச் சுற்றிப் பூசும். அதுதான் முத்து. எங்கள் ஏரல் பக்கத்தில் வாழை தெரியும், வெற்றிலை தெரியும். குளத்தில் முத்து விளையும் என்பது சித்தி வந்து சொல்லித்தான் தெரியும்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை, பெயர் ரோஸ்லின். சாத்தூரில் சித்தப்பா வீட்டில் இருந்தவள் போன வருடக் கோடையில் ஒரு பையோடு வந்தாள். வந்த இரண்டாம் வாரமே முத்து வளர்ப்புப் பயிற்சிக்குப் போனாள். குளம் அம்மாவின் அண்ணன் தேவசகாயம் மாமாவுடையது. நானும் அம்மாவும் இருப்பதும் மாமா வீட்டின் பின்கட்டில்தான். அப்பா கப்பலில் சமையல் வேலை பார்க்கிறார்கள்.

இன்று நல்ல வெயில். சித்தி எப்போதும்போல முழுக்கைச் சட்டை. ஏன் என்று கேட்டதற்கு வெயில் ஆகாது என்றாள். நிழலில் வந்தபிறகும் கையை மடக்கவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

கிளை நூலகத்தில் முத்துகளையும் ரத்தினங்களையும் பற்றி ஒரு புத்தகம் கிடைத்தது. எனக்கு முன்னால் அதை யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை. பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

மற்ற ரத்தினங்களுக்கு மனிதன் வடிவம் கொடுக்கிறான். மாணிக்கத்தைப் பட்டை தீட்டலாம், வைரத்தை முகம் முகமாக வெட்டலாம், சந்திரகாந்தக் கல்லை மேடாகத் தேய்க்கலாம். தேய்ப்பவர் கை கோணினால் கல்லுக்குள் போன ஒளி திரும்பி வராமல் அடிவழியாக ஒழுகிவிடுமாம். முத்துக்கு அப்படி இல்லை. அது எந்த வடிவத்தில் வெளியே வருகிறதோ அதுதான். அதனால்தான் முழு உருண்டைக்கு அவ்வளவு மதிப்பு. முழு உருண்டை, ஏறக்குறைய உருண்டை, பொத்தான், துளி, வளையம் விழுந்தது, கடைசியில் கோணல். இதுதான் வரிசை. நான் மனப்பாடம் செய்துவிட்டேன்.

நான் படித்துச் சொன்னதைச் சித்தி அடுப்படியில் உட்கார்ந்து கேட்டாள். “உள்ள வச்ச மணி உருண்டையாத்தானட்டி இருக்கு, பொறவு எப்பிடிக் கோணும்?” என்றாள். சிப்பி ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் பூசும், சில சமயம் மணியைத் தள்ளப் பார்க்கும், அப்போது வால் முளைக்கும் என்று விளக்கினேன். “பாவம், அதுக்கு உறுத்தும்லா” என்றாள்.

பிப்ரவரி 17, திங்கள்

பரீட்சை அட்டவணை வந்துவிட்டது. வேதியியலுக்கு முன்னால் ஒரே ஒரு நாள்தான் விடுமுறை.

பிப்ரவரி 22, சனி

இன்று ஒரு கண்டுபிடிப்பு. (என் கண்டுபிடிப்பு அல்ல, புத்தகத்தில் இருப்பது. ஆனாலும் செய்து பார்த்தது நான்.) முத்து உருண்டையா என்று கண் ஏமாறும், தட்டு ஏமாறாது. ஒரு தட்டைக் கொஞ்சமாகச் சாய்த்து வைத்து மேலிருந்து விட வேண்டும். முழு உருண்டையானால் கோடு கிழித்ததுபோல் நேராக வரும். கொஞ்சம் பிசகினாலும் வளைந்து போகும்.

எவர்சில்வர் தாம்பாளத்தின் அடியில் ஒரு பென்சிலை முட்டுக்கொடுத்து, முத்து இல்லாததால் அடுப்படியில் இருந்ததையெல்லாம் ஓட விட்டேன். கடுகு ஏறக்குறைய நேர். மிளகு கொஞ்சம் தயங்கி, பிறகு நேர். கொண்டைக்கடலை துள்ளித் துள்ளி அம்மா மடியில் விழுந்தது. சித்தி சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. “இந்தக் கடலைதாம்ட்டி நான்” என்றாள். அவள் இவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

வாசலில் யாருடைய பைக்கோ வந்து நின்றது. சித்தி சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள். பால்காரர்தான்.

மார்ச் 3, திங்கள்

நாளை மறுநாள் பரீட்சை தொடங்குகிறது. ஆனால் இதை எழுதிவிட்டுப் படிக்கிறேன்.

மாமா அம்மாவிடம் பேசியது பின்கட்டு வரை கேட்டது. ஊரில் நாலு பேர் கேட்கிறார்களாம். சபைக் கமிட்டியில் இருந்துகொண்டு தங்கையை வீட்டில் வைத்திருக்கிறாரே என்கிறார்களாம். முத்து நன்றாக வந்து, அவள் தன் காலில் நிற்பாள் என்று தெரிந்தால் இங்கேயே இருக்கட்டும், கீழ்வீட்டு அறையைக்கூட ஒழித்துத் தருகிறேன். இல்லையென்றால் கோடையோடு சாத்தூருக்கு அனுப்பிவிடுவதுதான் மரியாதை என்றார். மாமா கத்தவில்லை, பொறுமையாகத்தான் சொன்னார். அம்மா “சரிண்ணே” என்றாள்.

சித்திக்கும் கேட்டிருக்கும். அவள் குளத்துத் தண்ணீரில் போடச் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தாள். கரைந்த பிறகும் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

முத்து உருண்டையாக வர வேண்டும். ஜெபத்தில் சேர்த்துக்கொண்டேன்.

மார்ச் 20, வியாழன்

இயற்பியல் எளிது. ஐந்து மதிப்பெண் வினா ஒன்றில் மட்டும் சந்தேகம்.

சித்தப்பா இன்று அம்மாவின் ஃபோனில் பேசினார்கள். என்னிடமும் பேசினார்கள். எப்படி எழுதினாய், நன்றாகச் சாப்பிடு என்று அன்பாக விசாரித்தார்கள். சித்தியிடம் கொடு என்றார்கள். கொண்டுபோய்க் கொடுத்தேன். சித்தி காதில் வைத்துக்கொண்டே நின்றாள். முடிந்ததும் திரையை முந்தானையால் துடைத்துத் தந்தாள். என்ன சொன்னார்கள் என்றேன். “ஒண்ணும் சொல்லல, மன்னிச்சிட்டாராம்” என்றாள்.

யாரை என்று கேட்க நினைத்தேன். அம்மா கூப்பிட்டுவிட்டாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வெயிலில் தண்ணீர் இறங்கிவிட்டது. சில சிப்பிகள் செத்து வாய்பிளந்து கிடந்தன. நாற்றம் தாங்கவில்லை. அதில் ஒன்றைச் சித்தி விரலால் துழாவினாள். கையை வெளியே எடுத்தபோது விரல் நுனியில் ஒரு முத்து.

எங்கள் முதல் முத்து. சித்தி அதை வாயில் போட்டு உமிழ்நீரில் கழுவி, உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். பாலில் ஒரு சொட்டு ரோஸ் கலந்த நிறம். ஒளி அதன் மேல் நிற்கவில்லை, உள்ளேயிருந்து வந்தது. ஆனால் வடிவம் ஒரு பக்கம் பருத்து, ஒரு பக்கம் கூம்பி இருந்தது.

“மாம்பிஞ்சு மாதிரி இருக்கு பாரேன்” என்றாள் சித்தி. அவள் குரலே மாறியிருந்தது.

நான் தாம்பாளத்தில் விட்டுப் பார்த்தேன். பாதி வட்டம் அடித்து ஓரத்தில் போய் நின்றது. துளி வகை, நான்காம் தரம் என்றேன். சித்தி அதைப் பஞ்சில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

அடுத்த ஞாயிறு எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை. அவரவர் விளைச்சலில் முதலாவதைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன் வைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். வாழைத்தார், தேங்காய், சேவல், கருப்பட்டி எல்லாம் வரும். ஒருமுறை வான்கோழி ஒன்று பாடகர் குழுவுக்குள் ஓடிவிட்டது.

மாமாவுக்கு ஒரே உற்சாகம். நம் கோயில் வரலாற்றில் யாரும் முத்தைக் காணிக்கையாக வைத்ததில்லையாம். வியாழக்கிழமை சிப்பியைத் திறந்து, எல்லாவற்றிலும் சிறந்ததை எடுத்து வைக்கவேண்டும் என்றார். தேவனுக்குக் கொடுப்பது பழுதற்றதாக இருக்க வேண்டும், அதை அடையாளம் காண வீட்டிலேயே ஒரு பண்டிதை இருக்கிறாள் என்று என் தலையைத் தட்டினார். பெருமையாக இருந்தது.

மே 1, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

காலையிலேயே எல்லாப் பைகளையும் கரையேற்றினோம். வேப்பமரத்தடியில் சாக்கு விரித்து, மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சித்தி கத்தியை வைத்து ஒவ்வொன்றாகத் திறந்தாள், அம்மா கிண்ணத்தில் வாங்கிக் கழுவினாள். சிலதில் வெறும் சதை. ஆனால் பலதில் இருந்தது. வெள்ளை, சாம்பல், இளஞ்சிவப்பு, ஒன்று புறாக் கழுத்து நிறம். கிண்ணத்தின் அடி மறைந்துவிட்டது. சித்தி கத்தியைக் கீழே வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். கை நிறைய அள்ளி மாமாவின் கையில் போட்டாள்.

மாமா அண்ணாந்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். “ஏயப்பா, என்னமா மின்னுது! நம்ம குளத்துலயா இது? ரோஸி, நீ கெட்டிக்காரிதாம்மா” என்றார். மாமா சித்தியை ரோஸி என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அம்மா தலையைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தாள். சித்தி சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள்.

பிறகு மாமா காணிக்கைக்கு ஒன்றை எடுக்கச் சொன்னார். “எப்சிபா, நீதான புஸ்தகம் புஸ்தகமாப் படிக்க. பழுதில்லாததா ஒண்ணு எடு, பாப்போம்.”

நான் ஓடிப்போய்த் தாம்பாளத்தைக் கொண்டுவந்தேன். பென்சிலை முட்டுக்கொடுத்தேன். ஒவ்வொரு முத்தாக விட்டேன். ஒவ்வொன்றும் எப்படிப் போகிறது, ஏன் அப்படிப் போகிறது என்று மாமாவுக்கு விளக்கினேன். இது பொத்தான், ஒரு பக்கம் தட்டை, அதனால் நின்றுவிட்டது. இது வளையம் விழுந்தது, பாருங்கள் தள்ளாடுகிறது. இது துளி, இது கோணல். மாமா நாற்காலியில் முன்னால் சாய்ந்து கேட்டார். இவ்வளவு கவனமாக என் பேச்சை யாரும் கேட்டதில்லை. நேராக ஓடியது மூன்றே மூன்று. அவற்றைத் தனியாக வெள்ளைக் கிண்ணத்தில் வைத்தேன். மற்றதெல்லாம் அலுமினியச் சட்டிக்குள் போனது. சட்டியில் விழும்போது கல் விழுந்தமாதிரி சத்தம் வந்தது.

சித்தி என்னைப் பார்த்தாள். ஏதோ கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

“அப்பம் இந்தச் சட்டியில உள்ளதெல்லாம்?” என்றார் மாமா.

“தரம் கம்மி மாமா. முழு உருண்டைக்குத்தான் மதிப்பு.”

சித்தி மெதுவாகச் சொன்னாள்: “அண்ணே, கோணலுக்கும் ஆள் இருக்காவ. காதுல போடுததுக்குக் கேக்காவ.”

“அது கடைசித் தரம் சித்தி” என்றேன் நான். “புஸ்தகத்துல வரிசையாப் போட்டிருக்கு. காட்டட்டுமா?”

சித்தி வேண்டாம் என்று தலையாட்டினாள்.

மாமா கையிலிருந்த முத்துகளைச் சட்டியில் போட்டார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். “ஒரு வருசம் தண்ணிக்குள்ள கெடந்து மூணுதான் தேறியிருக்குன்னா, கர்த்தர் என்ன சொல்லுதார்னு பாக்கணும். இவ்வளவு பாடுபட்டும் அவருக்குச் சித்தமில்ல. நாம எதுத்து நிக்கக் கூடாது” என்றார்.

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாமா எழுந்து நாற்காலியை மடக்கினார்.

சித்தி சட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, முத்துகளில் ஒட்டியிருந்த சதையைத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். நானும் உட்கார்ந்து துடைத்தேன். புத்தகத்தில் சொன்னது சரியாக நடந்தது என்று நான் அவளிடம் சொன்னேன். சொன்னேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

மே 2, வெள்ளி

மாமா சாத்தூருக்கு ஃபோன் செய்துவிட்டார்.

மே 4, ஞாயிறு

பண்டிகை. முத்தைப் பட்டுத்துணி மேல் வைத்திருந்தார்கள். சபைப் போதகரான ஐயர் ஜெபத்தில் முத்தைக் குறிப்பிட்டார். ஏலத்தில் உப்பள முதலாளி ஒருவர் எடுத்தார், எல்லோரும் கைதட்டினார்கள். அதைத் தேர்ந்தெடுத்தவள் என்று மாமா என்னை எழுந்து நிற்கச் சொன்னார், மறுபடி கைதட்டினார்கள்.

சித்தி வரவில்லை. தலைவலி என்றாள். வீட்டுக்கு வந்தபோது அவள் என் பள்ளிச் சீருடைகள் எல்லாவற்றுக்கும் பித்தான் தைத்து முடித்திருந்தாள்.

மே 5, திங்கள்

சித்தப்பா வந்தார்கள். மல்லிகைப்பூவும் சேவும் வாங்கி வந்தார்கள். மாமாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். எல்லாரிடமும் மெதுவாகப் பேசினார்கள். மாமாவின் மனைவி, அத்தை, அடுப்படியில் வந்து, இவ்வளவு தங்கமான மனுசனை விட்டுவிட்டு வர எப்படி மனம் வந்ததோ என்றாள்.

சித்தி காபி கொண்டுவந்து கொடுத்தபோது கொஞ்சம் தரையில் சிந்தியது. சித்தப்பா சிரித்துக்கொண்டு அவளைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். நான் துடைத்தேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மூன்று மணி பஸ்ஸில் போனார்கள். சித்தி என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. கன்னத்தில் கை வைத்தாள். கையில் குளத்து வாடை இன்னும் இருந்தது.

மே 6, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

மே 10, சனி

தூத்துக்குடியிலிருந்து ஒரு அக்கா ஆட்டோவில் வந்தார்கள். பெயர் நிர்மலா. கம்மலும் தொங்கட்டானும் செய்து விற்கிறவர்கள். பயிற்சியில் சித்தியோடு படித்தவர்கள். மே இரண்டாம் வாரம் வந்து முத்தை எடுத்துக்கொள்வதாகச் சித்தியிடம் போன மாதமே பேசியிருந்தார்களாம்.

அம்மா அலுமினியச் சட்டியை எடுத்து வந்தாள். அந்த அக்கா விரலால் அளைந்து அளைந்து பார்த்தார்கள். துளியும் துளியுமாகச் சோடி சேர்த்தார்கள். கோணல்களை நிறம் பார்த்துப் பிரித்தார்கள். புறாக் கழுத்து நிறத்தைக் காதோரம் வைத்துக் கண்ணாடி கேட்டார்கள். உருண்டை முத்துதான் எல்லாக் கடையிலும் இருக்கிறதே, ரோஸ்லின் இவ்வளவு ஒளியோடு கொண்டுவருவாள் என்று எதிர்பார்க்கவில்லை என்றார்கள். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருடமும் வேண்டும் என்றார்கள். “ரோஸ்லின் எங்க, காணும்?” என்று கடைசியில் கேட்டார்கள்.

அம்மா காலிச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டதால் நான் சொன்னேன், ஊருக்குப் போயிருக்கிறாள் என்று.

மே 11, ஞாயிறு

புத்தகத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். தரவரிசைப் பட்டியலுக்கு அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது. வடிவம் என்பது ஒரு கூறு மட்டும். முதலில் பார்க்க வேண்டியது ஒளி, பிறகு மேற்பரப்பு, நிறம், பூச்சின் கனம். உயிரற்ற முழு உருண்டையைவிட ஒளியுள்ள கோணல் மேலானதாக இருக்கலாம்.

புதிதாகப் படித்ததாக எழுதலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. பிப்ரவரியிலேயே படித்திருக்கிறேன். ஓரத்தில் என் பென்சில் கோடு இருக்கிறது. ஆனால் ஒளியைத் தாம்பாளத்தில் ஓட விட்டுக் காட்ட முடியாது. உருண்டையை முடியும். எனக்குக் காட்டத்தான் பிடித்திருந்தது.

சாயங்காலம் புத்தகத்தோடு மாமாவிடம் போனேன். அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். நிர்மலா அக்கா எல்லாவற்றையும் எடுத்துப் போனதையும் சொன்னேன். நான் பாதியைத்தான் சொன்னேன் மாமா, முத்து நன்றாகத்தான் வந்திருக்கிறது, சித்தி தன் காலில் நிற்பாள், கூப்பிட்டுவிடுங்கள் என்றேன். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன்.

மாமா கோபப்படவில்லை. பக்கத்தில் உட்காரவைத்தார். “அதெல்லாம் இருக்கட்டும்ட்டி. அவ போயி வாரம் ஒண்ணாச்சு. ஊர்ல இப்பம் ஒரு பேச்சும் இல்ல. பொம்பளப் புள்ள புருசன் வீட்டுல இருக்கதுதான் அழகு. நீ சின்னப் புள்ள, மனசப் போட்டு அலட்டாத” என்றார். பிறகு பன்னிரண்டாம் வகுப்புக்கு எந்த நோட்ஸ் வாங்க வேண்டும் என்று கேட்டார்.

முத்து எல்லாமே நேராக ஓடியிருந்தாலும் மாமா இப்படித்தான் சொல்லியிருப்பாரோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. அப்படி நினைத்தால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது. அதனால் அப்படி நினைக்கக் கூடாது. அவர் அன்று ரோஸி என்று கூப்பிட்டார். அதை நான் கேட்டேன்.

மே 17, சனி

பதினொன்றாம் வகுப்பு முடிவு வந்தது. வேதியியலில் நூறு. அம்மா என் வாயில் சீனி போட்டாள்.

மே 25, ஞாயிறு

சித்திக்கு இத்தனை நாளும் ஃபோன் போகவில்லை. இன்று மத்தியானம் அவளே கூப்பிட்டாள். புது எண். அம்மா குளித்துக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன்.

நன்றாக இருக்கிறேன் என்றாள். எப்படி இருக்கிறீர்கள் என்று நான் கேட்பதற்கு முன்பே சொன்னாள், கேட்ட பிறகும் சொன்னாள். மதிப்பெண் கேட்டாள். நூறா என்று இரண்டு தடவை கேட்டாள். குளத்தில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்றாள். நிர்மலா அக்கா வந்து எல்லாவற்றையும் வாங்கிப் போனதைச் சொன்னேன். “எல்லாத்தையுமா?” என்றாள். எல்லாவற்றையும்தான் என்றேன்.

நேரம் குறைவாக இருப்பதுபோல் எனக்குத் தோன்றியது. அதனால் நினைத்து வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் கேட்டேன். “சித்தி, நீங்க அன்னைக்கு ஏன் என்னய நிறுத்தல? சும்மா இருன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?”

பின்னால் எங்கேயோ கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சித்தி குரலைத் தாழ்த்தினாள்.

“அவ்வளவு ஆசையாச் சொல்லிட்டு இருந்தியே மக்ளே. உங்க மாமா முன்னால நம்ம வீட்டுப் பொம்பளப் புள்ள ஒண்ணு அப்பிடி நிமிந்து நின்னு பேசி நான் பாத்ததில்ல. எப்பிடி நிறுத்துவேன்? எனக்குக் கேக்க நல்லாருந்துச்சு.”

யார் என்று ஓர் ஆண்குரல் கேட்டது. அக்கா மகள் என்று சித்தி சொன்னாள். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அம்மா ஈரத்தலையோடு வந்து யாருட்டி என்று கேட்கும்வரை நான் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.